சுமை குறைத்த சான்றோன் ஆர்க்கிமிடீஸ்

கிணற்றடியில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் இறைத்த கைகளுக்குத்தான் கப்பியின் அருமை தெரியும். சென்ற கோடையில் எங்கள் விடுதியின் மோட்டார் பழுதாகி மூன்று நாட்கள் நின்றுவிட்டது. பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த பழைய கிணற்றைத் திறந்து, துருவேறிய கப்பிக்கு எண்ணெய் இட்டு, புதுக் கயிறு கட்டி, முறை வைத்து நீர் இறைத்தோம். முதல் நாள் சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தது. இரண்டாம் நாள் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் எங்களுள் ஒருத்தி கேட்டாள்: இந்தக் கப்பியை முதன்முதலில் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டவர் யாராக இருக்கும் என்று. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது நாங்கள் கண்ட மனிதரின் வரலாற்றையே இங்கே தோழியரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அவர் பெயர் நாம் அறியாததன்று. மிதப்பு விதியைப் படிக்கும்போதெல்லாம் அவரைச் சந்திக்கிறோம். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து தெருவில் ஓடியவர் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த ஓட்டத்துக்கு அப்பால் ஒரு பெரிய வாழ்வு இருக்கிறது. மனிதத் தோள்களின் சுமையை அறிவால் குறைக்க முடியும் என்று காட்டிய வாழ்வு அது.

பிறப்பும் கல்வியும்

மத்தியதரைக் கடலின் நடுவே இத்தாலியின் காலடியில் கிடப்பது சிசிலித் தீவு. அதன் கிழக்குக் கரையில் சிரக்யூஸ் என்னும் துறைமுக நகரம். கிரேக்கர்கள் குடியேறி வளர்த்த அந்நகரில் கி.மு. 287 அளவில் ஆர்க்கிமிடீஸ் பிறந்தார். தந்தை பீடியாஸ் ஒரு வானநூல் அறிஞர். விண்மீன்களை அளந்த தந்தையின் மடியிலேயே மைந்தனுக்கு அளவும் கணக்கும் பழகியிருக்க வேண்டும். அந்நாளில் சிரக்யூசை ஆண்டவர் இரண்டாம் ஹீரோன் மன்னர். அரச குடும்பத்துக்கு ஆர்க்கிமிடீஸ் நெருங்கியவர். உறவினர் என்றே புளூட்டார்க் என்னும் பழைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

அந்தக் காலத்தில் அறிவுத் தாகம் கொண்டவர்கள் நாடிச் சென்ற நகரம் எகிப்தின் அலெக்சாந்திரியா. உலகப் புகழ் பெற்ற நூலகம் அங்கே இருந்தது. ஆர்க்கிமிடீசும் எகிப்துக்குச் சென்றார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. சாமோஸ் தீவின் கோனோன், பூமியின் சுற்றளவைக் கணித்த எரட்டோஸ்தனிஸ் ஆகியோர் அவருடைய நண்பர்கள். ஊர் திரும்பிய பின்னும் தம் கண்டுபிடிப்புகளை அலெக்சாந்திரியா அறிஞர்களுக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடல் கடந்து கடிதங்கள் சென்றன, அக்கடிதங்களே நூல்களாயின.

நைல் நதிக் கரையிலே

எகிப்து நைல் நதியின் கொடை. ஆனால் ஆறு பள்ளத்தில் ஓடும். வயல் மேட்டில் கிடக்கும். வெள்ளம் வடிந்தபின் பயிரைக் காக்க ஒவ்வொரு குடம் நீரையும் மனிதர்தாம் தூக்கி ஊற்ற வேண்டும். அதற்கு அங்குள்ள உழவர்கள் ஒரு நீண்ட கழியைத் தூணின் மேல் பொருத்தி, ஒரு முனையில் வாளியையும் மறு முனையில் களிமண் பாரத்தையும் கட்டி நீர் இறைத்தார்கள். நம் பாட்டன்மார் காலத்து ஏற்றத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நம் நாட்டில் ஏற்ற மரத்தின் மேல் ஆள் ஏறி இறங்கி மிதிப்பார். எகிப்தில் களிமண் உருண்டை அந்த வேலையைச் செய்தது. இரண்டும் நெம்புகோல்தான்.

ஏற்றத்தில் ஒரு குறை உண்டு. நீரைக் கொட்டிவிட்டு வெறும் வாளி கீழே இறங்கும் நேரமெல்லாம் வீண் நேரம். நீர் விட்டு விட்டுத்தான் வரும். இடைவிடாமல் நீரை மேலேற்ற வழி உண்டா? அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்ததே நீர்த்திருகு. ஆர்க்கிமிடீஸ் எகிப்தில் இருந்தபோது இதைக் கண்டுபிடித்தார் என்று டையோடோரஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். அவருக்கு முன்பே இக்கருவி கீழை நாடுகளில் இருந்திருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியே இருந்தாலும், உலகம் இன்று அதை அவர் பெயராலேயே அழைக்கிறது.

அதைச் செய்யும் முறையை உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் விரிவாக விளக்கியிருக்கிறார். இரும்பு ஆலையோ பெருஞ்செல்வமோ அதற்குத் தேவையில்லை. நேரான ஒரு மரத்தண்டு வேண்டும். தண்டு எத்தனை அடி நீளமோ அத்தனை விரற்கடைப் பருமன். அந்நாளைய கணக்கில் 16 விரற்கடை ஓர் அடி. எனவே 16 அடித் தண்டுக்கு ஓர் அடிப் பருமன் போதும். வளையும் மெல்லிய குச்சிகளைக் கீலில் தோய்த்து, தண்டின் மேல் சங்கின் சுழி போலச் சுற்றிச் சுற்றி ஒட்ட வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட ஒட்டச் சுழிச்சுவர் உயரும். பிறகு வெளிப்புறம் பலகைகளால் மூடி, கீல் பூசி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கினால் நீண்ட பீப்பாய் போன்ற கருவி ஆயத்தம். அதைச் சாய்வாக வைத்து, கீழ் முனையை நீரில் அமிழ்த்தி, மேல் ஏறி மிதித்துச் சுழற்றினால் நீர் படிப்படியாக ஏறி மேல் முனையில் கொட்டும். சாய்வுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறார்: தண்டின் நீளம் 5 பங்கானால் மேல் முனை 3 பங்கு உயரத்தில் இருக்க வேண்டும், தரையில் 4 பங்கு கிடைக்கும். பிதாகரசின் 3, 4, 5 முக்கோணம் வயல் வரப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது!

நீர் எப்படி மேலேறுகிறது? உண்மையில் நீர் கீழேதான் போக விரும்புகிறது. சுழியின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சிறு பள்ளம். நீர் அந்தப் பள்ளத்திலேயே தங்குகிறது. கருவி சுழலச் சுழலப் பள்ளம் மேலே நகர்கிறது. நீரும் தன்னை அறியாமலே மேலே போய்விடுகிறது. இயற்கையோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கிலேயே போய்ப் பயன்கொள்ளும் அழகு இதில் இருக்கிறது. இதற்கு வால்வு இல்லை. தோல் வாசர் இல்லை. சேறு கலந்த நீர் வந்தாலும் எளிதில் அடைத்துக்கொள்ளாது. மிக உயரத்துக்கு நீரேற்ற உதவாது. ஆனால் சிறு உயரத்துக்கு மிகுந்த நீரைத் தரும். ஆற்றோர வயலுக்கு வேறென்ன வேண்டும்?

நெம்புகோலும் கப்பியும்

நெம்புகோலை ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடிக்கவில்லை. கடப்பாரையால் கல்லைப் புரட்டிய முதல் மனிதன் யாரோ, அவனே அதைக் கண்டவன். தராசும் ஏற்றமும் அவருக்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் முந்தியவை. ஆனால் அது ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துக் காட்டியவர் அவர். சமமான எடைகள் சமமான தூரத்தில் இருந்தால் சமநிலை நிற்கும் என்பது போன்ற, சிறு பிள்ளையும் ஒப்புக்கொள்ளும் சில உண்மைகளிலிருந்து தொடங்கினார். படிப்படியாக ஏறி, எடையும் ஆதாரத்திலிருந்து அதன் தூரமும் எதிர் விகிதத்தில் அமைந்தால் சமநிலை உண்டாகும் என்று நிறுவினார். கைப்பழக்கமாக இருந்தது அன்று அறிவாயிற்று. எவ்வளவு நீளமான கோல் வேண்டும், எத்தனை கப்பி வேண்டும் என்பதைச் செய்து பார்க்காமலே கணக்கிட்டுச் சொல்ல முடிந்தது.

போதிய நீளமுள்ள கோலும் ஊன்றிக்கொள்ள ஓர் இடமும் கிடைத்தால் பூமியையே அசைக்கலாம் என்று அவர் மன்னரிடம் கூறினாராம். வியந்த ஹீரோன் அதைச் செயலில் காட்டும்படி கேட்டார். மூன்று பாய்மரம் கொண்ட ஒரு சரக்குக் கப்பலைப் பலர் சேர்ந்து அரும்பாடுபட்டுக் கரையேற்றியிருந்தார்கள். அதில் வழக்கமான சரக்கையும், போதாததற்கு ஆட்களையும் ஏற்றச் சொன்னார் ஆர்க்கிமிடீஸ். தாம் தொலைவில் அமர்ந்துகொண்டு, பல கப்பிகளைக் கோத்த கயிற்றைக் கையால் மெல்ல இழுத்தார். கப்பல் நீரில் மிதப்பது போல வழுக்கிக்கொண்டு வந்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார். சொல்லச் சொல்லக் கதை சற்றே வளர்ந்திருக்கலாம். ஆனால் அதனுள் இருக்கும் உண்மை வளர்த்துச் சொன்னதன்று.

அந்த உண்மையை நம் கிணற்றடியிலேயே சோதிக்கலாம். மேலே கட்டிய ஒற்றைக் கப்பி பளுவைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. ஆனால் குனிந்து மேலே இழுப்பதைவிட, நிமிர்ந்து நின்று நம் உடல் எடையையும் சேர்த்துக் கீழே இழுப்பது எளிது. பளுவோடு சேர்ந்து நகரும் கப்பிகளையும் சேர்த்துக் கோத்தால்தான் எடை பகிரப்படும். பளுவை ஐந்து கயிறுகள் தாங்கினால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட, 100 கிலோ பளுவுக்கு 20 கிலோ இழுப்பு போதும். ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தராது. பளு 1 மீட்டர் உயர வேண்டுமானால் கயிற்றை 5 மீட்டர் இழுக்க வேண்டும். வலிமை குறைந்தவர் சற்று நேரம் கூடுதலாகச் செலவிட்டால் வலியவர் செய்யும் வேலையைச் செய்துவிடலாம். மெலிந்த கைகளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டோ?

சிரக்யூசியா என்ற பெரும் கப்பலை ஹீரோன் கட்டியபோதும் ஆர்க்கிமிடீசின் உதவி தேவைப்பட்டது. அத்தகைய பெருங்கப்பலின் அடித்தளத்தில் கசிந்து சேரும் நீரை வெளியேற்றப் பலர் வேண்டும். ஆனால் அவருடைய திருகைக் கொண்டு ஒரே ஓர் ஆள் அவ்வேலையைச் செய்தான் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது.

சுரங்கத்தின் இருள்

இங்கே ஒரு வருத்தமான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நைல் வயலுக்கு வாழ்வு தந்த அதே திருகு பின்னாளில் ஸ்பெயின் நாட்டின் உரோமானியச் சுரங்கங்களுக்குள் இறங்கியது. வெள்ளியும் செம்பும் தோண்டிய ஆழங்களில் ஊறிய நீரை, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த திருகுகளால் மேலேற்றினார்கள். அவற்றின் எஞ்சிய பகுதிகள் அச்சுரங்கங்களில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றை மிதித்துச் சுழற்றியவர்கள் அடிமைகள். இரவும் பகலும் அறியாமல் மண்ணுக்கடியில் உழைத்து மடிந்த அவர்களின் துயரத்தையும் டையோடோரஸ் எழுதியிருக்கிறார். கருவி ஒன்றேதான். உழவன் கையில் அது சுமையைக் குறைத்தது. அடிமையின் காலடியில் அதுவே சுமையாயிற்று. சுமை குறைவது கருவியால் மட்டுமன்று, அதை யார் யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்பதாலும்தான்.

முற்றுகையும் முடிவும்

ஹீரோன் மன்னர் உரோமின் நண்பராக நெடுங்காலம் ஆண்டு கி.மு. 215இல் மறைந்தார். பின்வந்தவர்கள் கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தார்கள். கி.மு. 213இல் மார்செல்லஸ் என்னும் உரோமானியத் தளபதி கடல் வழியாகவும் தரை வழியாகவும் சிரக்யூசை முற்றுகையிட்டார். எழுபது வயதைத் தாண்டிய ஆர்க்கிமிடீஸ் தம் நகரைக் காக்க முன்வந்தார். கப்பிகளும் நெம்புகோல்களும் மதில் மேல் ஏறின. பெருங்கற்கள் பறந்தன. மதிலிலிருந்து நீண்ட கோல்கள் இரும்புக் கொக்கியால் கப்பலின் முன்பகுதியைப் பற்றி மேலே தூக்கி, திடீரெனக் கைவிட்டுக் கவிழ்த்தன. கண்ணாடிகளால் கப்பல்களை எரித்தார் என்ற கதையை நாமும் கேட்டிருக்கிறோம். ஆனால் முற்றுகையை எழுதிய பழைமையான வரலாற்று நூல்களில் அது இல்லை.

நீரைத் தூக்கிய கோல் இப்போது கப்பலைத் தூக்கி மனிதரை மூழ்கடித்தது. தம் ஊரைக் காப்பது அவர் கடமைதான். ஆயினும் அந்த முதியவரின் உள்ளம் அதைக் கண்டு மகிழ்ந்திருக்குமா என்று நம்மால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நேரடித் தாக்குதலைக் கைவிட்டு, நகரை வளைத்துக் காத்திருந்தார் மார்செல்லஸ். ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் திருவிழாவில் நகர மக்கள் உண்டு குடித்து அயர்ந்திருந்த இரவில் உரோமானியர் மதில் ஏறினர். கி.மு. 212இல் சிரக்யூஸ் வீழ்ந்தது. வடிவக்கணிதப் படம் ஒன்றில் ஆழ்ந்திருந்த ஆர்க்கிமிடீசை, அவர் யாரென்று அறியாத ஒரு போர்வீரன் வெட்டிக் கொன்றான். அவரை உயிரோடு காக்க விரும்பிய மார்செல்லஸ் மிகவும் வருந்தி, உறவினர்களைத் தேடிப்பிடித்து மரியாதை செய்தார்.

தம் கண்டுபிடிப்புகளுள் அவர் மிகவும் நேசித்தது எது தெரியுமா? போர்க்கருவி அன்று. ஓர் உருளைக்குள் சரியாக அடங்கும் கோளத்தின் கன அளவு அவ்வுருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்ற உண்மைதான். அவ்வுருவங்களையே கல்லறையில் வைக்க அவர் விரும்பியிருந்தார். கி.மு. 75இல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த சிசரோ, உள்ளூரார் மறந்துபோன அக்கல்லறையை முட்புதர்களுக்கிடையே அந்தக் கோளத்தையும் உருளையையும் கொண்டே அடையாளம் கண்டு, புதரை வெட்டித் துப்புரவு செய்தார்.

செபநூலில் மறைந்திருந்த செல்வம்

கருவிகள் செய்வதை ஆர்க்கிமிடீஸ் இழிவாக எண்ணினார் என்றும், அதனால்தான் அவற்றைப் பற்றி நூல் எழுதவில்லை என்றும் புளூட்டார்க் கூறிச் சென்றார். அறிவாளி கையில் அழுக்குப் படலாமா என்ற எண்ணம் அந்நாளிலும் இருந்தது, இந்நாளிலும் இல்லாமலில்லை. ஆனால் புளூட்டார்க் எழுதியது ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து. உண்மை வேறிடத்தில் ஒளிந்திருந்தது.

கி.பி. 1229இல் ஒரு கிறிஸ்தவ எழுத்தர் செபநூல் ஒன்றைப் படியெடுக்கப் பழைய தோலேடுகளைச் சுரண்டிக் கழுவிப் பயன்படுத்தினார். தோல் விலையுயர்ந்தது, ஆகவே அது அக்கால வழக்கம். அந்த ஏடுகளில் முன்பு எழுதியிருந்தவை ஆர்க்கிமிடீசின் நூல்கள்! 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க், கான்ஸ்டாண்டினோபிளில் செப வரிகளின் அடியில் மங்கித் தெரிந்த எழுத்துகளைப் படித்து இதை உணர்ந்தார். பிறகு அந்நூல் பல கை மாறி, 1998இல் ஏலத்துக்கு வந்தது. தொடர்ந்து எக்ஸ் கதிர்களின் துணையோடு மறைந்த வரிகளும் படிக்கப்பட்டன.

அதில் எரட்டோஸ்தனிசுக்கு எழுதிய ஒரு நூல் இருந்தது. கோளத்தின் கன அளவு போன்ற உயர்ந்த உண்மைகளைத் தாம் முதலில் எவ்வாறு கண்டார் என்பதை அதில் மனம் திறந்து சொல்கிறார். உருவங்களை மெல்லிய சீவல்களாக எண்ணி, நெம்புகோலின் இரு பக்கமும் தொங்கவிட்டு, மனத்துக்குள்ளேயே நிறுத்துப் பார்த்தாராம்! ஏற்றம் இறைக்கும் உழவனும் தராசு பிடிக்கும் வணிகனும் பயன்படுத்திய அதே கோல், அவருடைய மிக உயர்ந்த கணிதத்துக்கும் ஏணியாயிற்று. கருவியை இழிவாக எண்ணியவர் இதைச் செய்திருக்க முடியுமா?

இன்றும் வாழும் ஆர்க்கிமிடீஸ்

20ஆம் நூற்றாண்டிலும் நைல் கழிமுகத்தில் உழவர்கள் கையால் சுழற்றும் திருகுகளால் நீர் இறைத்தார்கள். மின்சாரத்தால் சுழலும் பெரிய திருகுகள் இன்று கழிவுநீர் நிலையங்களில் நீரேற்றுகின்றன. நீரை மேலிருந்து விட்டுத் திருகைத் திருப்பிச் சுழலச் செய்து மின்சாரம் எடுக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ஏழை நாடுகளிலும் அவர் வழி தொடர்கிறது. 1970களின் இறுதியில் வங்காளதேசத்தில், மூங்கில் மிதிகட்டைகளில் நின்று காலால் மிதித்து நிலத்தடி நீரை இறைக்கும் எளிய பம்பு உருவாக்கப்பட்டது. டீசல் வாங்க வழியற்ற பல இலட்சம் சிறு உழவர்கள் அதனால் பயன் பெற்றார்கள். அதே 1970களில் யூனிசெஃப் துணையுடன் நம் நாட்டில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்ட அடிபம்புதான் இந்தியா மார்க் 2. அதன் கைப்பிடி ஒரு நெம்புகோல். ஆதாரத்திலிருந்து கைப்பிடியின் நீளம் மறு பக்கத்தைப்போல் 8 மடங்கு. உள்ளே தண்டு 12.5 சென்டிமீட்டர் உயர, நம் கை ஏறக்குறைய 1 மீட்டர் இறங்குகிறது. தெருமுனையில் அடிபம்பு அடிக்கும் ஒவ்வொரு சிறுமியும் சிரக்யூஸ் நகரத்து முதியவரின் கணக்கைத்தான் போடுகிறாள்; அவளுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

வீட்டுக்கு நீர் சுமக்கும் வேலை உலகின் பல பகுதிகளில் இன்றும் பெண்களின் தலையிலும் இடுப்பிலும்தான் இருக்கிறது. சுமை ஒரு மணி நேரம் குறைந்தால் ஒரு சிறுமி பள்ளிக்கு வரலாம். ஆகவே கருவியை எண்ணி அமைக்கும் வேலையும் நமக்கு அந்நியமன்று. சுமந்தவளுக்குத்தான் எங்கே வலிக்கும் என்று தெரியும்.

எங்கள் விடுதி மோட்டார் நான்காம் நாள் சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கிணற்றை நாங்கள் மீண்டும் மூடவில்லை. இரண்டாவது கப்பி ஒன்றைச் சேர்த்துப் பொருத்தியிருக்கிறோம். முன்பு இரண்டு பேர் சேர்ந்து இழுத்த பெரிய வாளியை இப்போது ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தனியாகவே மேலே கொண்டுவந்துவிடுகிறாள். கயிறுதான் இரு மடங்கு இழுக்க வேண்டும். வாளி விளிம்பைத் தொடும் அந்தக் கணத்தில் அவள் முகத்தில் மலரும் வியப்பைக் காணும்போதெல்லாம் ஆர்க்கிமிடீசை நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம். தோழியரே, கற்கும் கல்வி யாருடைய தோளிலிருந்தேனும் ஒரு சுமையை இறக்கட்டும்!